கனடாவிலிருந்து வந்த குடல் வருத்தம்

வங்காலையில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது முதலில் அருளப்புவிடம்தான் போகும். மீன்பிடிக் கந்தோரில் இருபத்தாறு வருடம் பியோனாக இருந்தவர். சொல்லின் முன்பாதியைக் கண்டால் பின்பாதி தன்னாலே விளங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு 'என்கேஜ்மென்ட்' அழைப்பை என்ஜின் திருத்த வேலை என்று வாசித்து, மெக்கானிக் றொகானை ஸ்பானரோடு பெண்வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு.

சென்ற வருடம் அவருக்கே ஒரு கடிதம் வந்தது. கனடாவில் தனிக்கட்டையாக வாழ்ந்து காலமான அவருடைய சித்தப்பா சின்னையாவைப் பற்றி அங்கத்தைய சட்டத்தரணி எழுதியது. இரண்டாம் வரியிலேயே அருளப்புவுக்கு வியர்த்தது.

"மார்த்தா, சின்னையா இன்டெஸ்டேட்டா செத்தவராம்."

"அதென்னப்பா?" என்றாள் மனைவி.

"இன்டெஸ்டைன் எண்டா குடல். இது அது முத்தின நிலை. கீழ பார், நான் இன்ஹெரிட் பண்ணுவனாம். பரம்பரையா எனக்கும் வருமாம். அப்புக்காத்தே எழுதியிருக்கிறார், சட்டப்படி வருமாம்!"

மார்த்தா அடுப்பிலிருந்த நண்டுக் குழம்பை அப்படியே அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்பது நாள் பார்லிக் கஞ்சி. பசியில் வயிறு இரைந்தபோதெல்லாம், "தொடங்கீட்டுது" என்று அருளப்பு சிலுவை போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் பஸ் ஏறி மன்னாருக்குப் போனார்.

"வயித்துக்க என்ன செய்யுது, ஐயா?" என்று கேட்டார் டொக்டர் வேணுஜா.

"இன்னும் ஒண்டும் செய்யேல்ல, டொக்டர். ஆனா வரப்போகுது. கனடாவில இருந்து."

நீட்டிய கடிதத்தைப் படித்த டொக்டர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"உயில் எழுதாமச் செத்தா இன்டெஸ்டேட் எண்டு சொல்றது, ஐயா. உயில் இல்லாதபடியா அவற்ற சாமான் சொந்தக்காரனான உங்களுக்கு வருது. இன்ஹெரிட் எண்டது அதுதான்."

"அப்ப குடல்?"

"குடல் இதில எங்கயும் இல்லை."

அருளப்புவுக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. "என்ன சாமான்?"

டொக்டர் பக்கத்தைப் புரட்டினார். "பனி தள்ளுற மெசின் ஒண்டு."

வெளியே தார் உருகும் வெயில்.

வீட்டில் மார்த்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "பனியும் வெள்ளை, உப்பும் வெள்ளைதானே? உப்பளத்துக்குக் குடுத்தா என்ன?"

மறுநாள் காலையே அருளப்பு உப்பளத்து மனேஜர் முன்னால் நின்று மெசினைப் பற்றிச் சொன்னார். மனேஜர் சிரித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"மெசின் பெற்றோலோ டீசலோ எண்டு கனடாவுக்குக் கேட்டு எழுதவோ, சேர்?" என்றார்.