எட்டு போல்ட், மஞ்சள் கோடு

போன வாரம் ஷிப்ட் பஸ்ஸில், குன்றத்தூரில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டு பாஸ்கர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணே, இத்த பாரேன். எவனோ ஒரு லூசு கியர்பாக்ஸ தப்பா மாட்டி வெச்சிக்கிறான். நாலு கியரும் ரிவர்ஸாம்." நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வீடியோவில் இருந்த காரைப் பார்த்தேன். ஆமை முதுகு மாதிரி வளைந்த, எஞ்சின் பின்னால் இருக்கிற பழைய கார். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் செல்வம்.

உங்களுக்குச் செல்வத்தைத் தெரியாது இல்லையா? ஒரகடம் கார் கம்பெனி அசெம்பிளி லைனில் பல வருஷம் எனக்கு எதிரே நின்றவன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்து அவன்தான் கேட்பான்.

எங்கள் லைனில் அப்போது ஒரு வழக்கம். போல்ட்டை முறுக்கியவர் அதன் தலையில் பெயிண்ட் பேனாவால் கோடு போட வேண்டும். ஆளுக்கொரு நிறம். எனக்கு மஞ்சள், செல்வத்துக்கு வெள்ளை. அடுத்தவர் முறுக்கிய போல்ட்டில் தன் நிறத்தைப் போடுவதைவிடக் கேவலம் எங்களிடையே வேறு கிடையாது. பேனாவின் மூடியைத் திறந்தால் அழுகிய வாழைப்பழ வாடை வரும். அந்த வாடைக்கு எனக்கு இன்னும் மேரி அக்காவின் மாட்டுக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது.

பிள்ளைப்பாக்கத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மாட்டையெல்லாம் விற்றுவிட்டுக் கொட்டகையைச் செல்வத்தின் காருக்கு விட்டிருந்தார். காரில் அவன் பெரிய எஞ்சினாகப் போட்டிருந்தான். பழைய கியர்பாக்ஸ் அதைத் தாங்காமல் பல் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு காரின் கியர்பாக்ஸை மாட்டப் பார்த்தோம். அதுவும் எஞ்சினும் பொருந்த நடுவில் ஒரு தகடு வேண்டும். ஓட்டைகளைச் சுற்றி கிரீஸ் தடவி, காலண்டர் அட்டையில் அச்செடுத்து, அந்தத் தகட்டை அறுத்தது நான்.

"இது நம்ம ரெண்டு பேரு வண்டி மச்சான். பழைய கார் ஷோவுல நிக்கசொல்ல ரெண்டு பேரும்தான் நிப்போம்" என்றான். நாலு பேர் முன் நிற்பதென்றால் எனக்கு வியர்க்கும். இருந்தும் அதற்கென்று ஒரு சட்டை எடுத்து வைத்தேன்.

மாட்டும்போது ஒன்று சொன்னேன். இந்த கியர்பாக்ஸ் எஞ்சின் முன்னால் இருக்கிற காருடையது, நமக்கோ எஞ்சின் பின்னால், திசை மாறிவிடும், உள்ளே பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் வைக்க வேண்டும் என்று. என் வழக்கப்படி மெதுவாகச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, மாட்டு" என்றான். மாட்டினேன்.

முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதும் கார் பின்னால் பாய்ந்து பப்பாளி மரத்தைச் சாய்த்தது. இரண்டாவது கியருக்கும் பின்னால்தான். மேரி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, காரு கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போவுதா?" என்றார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு மூன்று ஞாயிறு. எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, சக்கரத்தை மாற்றி வைத்தேன். செல்வம் ஜாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னான். தகட்டின் எட்டு போல்ட்டையும் நானே முறுக்கி, எட்டிலும் மஞ்சள் கோடு போட்டேன். கார் முன்னால் போனது. கொஞ்ச நாளில் அவன் வேறு கம்பெனிக்கும் போனான், காரோடு. போன் குறைந்தது, நின்றது.

வீடியோவில் சொல்கிறான்: "மொத தபா கூட இருந்தவரு தப்பா மாட்டிட்டாரு. அப்பால நானே பிரிச்சி சரி பண்ணேன்." பாஸ்கரிடம், அந்த லூசு நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது.

இப்போது லைனில் பெயிண்ட் பேனா கிடையாது. முறுக்கியது சரியென்றால் கருவியிலேயே பச்சை விளக்கு எரிகிறது. கொட்டகை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மேரி அக்கா எங்கே போனார் என்று மண்ணூரில் இருக்கிற அவர் சொந்தக்காரர்களுக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த வீடியோவைத் தேடி மறுபடி பார்த்தேன். கடைசியில் காரை மேலே தூக்கி அடியில் டார்ச் அடிக்கிறான். அங்கே நிறுத்தினேன். என் தகடு. எட்டு போல்ட். எட்டிலும் வெள்ளைக் கோடு. அந்தப் பெயிண்ட் தானாக உதிராது. துணியில் தின்னர் தொட்டு, கீழே மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தால்தான் போகும்.