சுவரொட்டி யாருக்கு?

ஊரப்பாக்கத்தில் நானும் தங்கையும் இருந்த அறையில் ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு தோசைக்கல். அவ்வளவுதான் எங்கள் சமையலறை. தங்கை பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அம்மா அப்பா இருக்கும் இடத்திலிருந்து அவள் கல்லூரிக்குக் காலையில் சரியான பஸ் கிடையாது என்பதால்தான் அறை எடுத்தோம். கல்லூரிக் கட்டணம் உதவித்தொகையில் போய்விடும். வாடகையும் சாப்பாடும் என் சம்பளத்தில். மாதம் ஒரு தடவை அப்பா ரேஷன் அரிசியைப் பையில் கட்டி ரயிலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ரயில் நேரத்தில் வந்தால்கூட, ஏன் இன்று மட்டும் நேரத்தில் வந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது. குறைந்த காசில் வயிறு நிறைய வைக்க எனக்குத் தெரியும்.

சீசன் டிக்கெட்டைத் தாம்பரம் வரைக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தேன், மார்க்கெட்டுக்காகவே. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போனால் காய்களைத் தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். எடை எல்லாம் இல்லை, ஒரு கூறு இவ்வளவு என்று விலை. அடிபட்ட தக்காளி, முளை விட்ட உருளைக்கிழங்கு, முனை வாடிய முள்ளங்கி. வெட்டி எறிந்தது போக ஒரு வாரத்துக்கு வரும். உருளைக்கிழங்கு, ரசம், ஊறுகாய், சோறு. பசி மிச்சம் இருந்தால் டீ. அரை லிட்டர் பால் பாக்கெட்டில் ஒரு நாள் முழுக்க டீ போடுவேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கிளாஸ், சாப்பாட்டுக்குப் பதிலாகவும் ஒரு கிளாஸ். டீ குடித்தால் பசி அடங்கும். அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வருடம் வார்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கல்லூரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தங்கை அன்று வீட்டுக்கு வந்து, பையைக் கழற்றாமலேயே சொன்னாள். அவளுக்கு ஹீமோகுளோபின் எட்டுகூட இல்லையாம். குறைந்தது பத்து இருந்தால்தான் வார்டில் நிற்க விடுவார்களாம். மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் டைம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஏறவில்லையென்றால் வார்டு நேரம் குறையும், பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் போகும்.

"வருஷம் போனா ஸ்காலர்ஷிப்பும் போயிடும்கா" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும் என்று சொல்வது போல.

ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் நின்று பார்ப்போம் என்றுதான் நானும் நின்றேன்.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டு அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கூறு கட்டிய காய் வாங்குவதிலிருந்து ஆரம்பித்து நான் வரிசையாகச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரையை எதில் விழுங்குகிறாள் என்று தங்கையைப் பார்த்தார். டீயில், என்றாள் அவள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சாப்பாட்டோட டீ குடுத்தா சாப்பிட்ட இரும்புச்சத்து உடம்புல ஒட்டாதும்மா. நீங்களே ஒரு கையில குடுத்து, இன்னொரு கையில பிடுங்கிக்கிறீங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரயிலில் திரும்பி வரும்போது முழுக்க என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து சமையலை மாற்றினேன். காசு கூடவில்லை, அதே காசுதான். ஹவுஸ் ஓனர் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி ஒரு முருங்கை மரம் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு அந்த அக்காவிடம் கேட்டேன். "இதுக்கு எதுக்குமா கேட்டுக்கினு, தினம் நான் பெருக்கித் தள்றதே அதத்தானே" என்றார். முருங்கைக்கீரையைக் கேழ்வரகு மாவில் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அடை. அதற்குத் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. கீரை செய்தால் மேலே அரை மூடி எலுமிச்சை. பால் பாக்கெட் காசில் தங்கைக்குத் தினம் ஒரு முட்டை. நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வாங்கினால் நான்கு குழம்புக்கு வரும். டீத்தூள் டப்பாவை அவள் கண்ணில் படாமல் மேலே தூக்கி வைத்தேன். ரேஷன் அரிசியில்கூடச் சோறு ருசியாக இருக்கும் என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது. இவ்வளவு நாளாக வயிற்றை நிரப்பத்தான் செய்திருக்கிறேன், சாப்பாடு போடவில்லை.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். முடிந்தால் சுவரொட்டி கொடுங்கள் என்று. ஆட்டின் மண்ணீரலைத்தான் கறிக்கடையில் சுவரொட்டி என்பார்கள். ரத்தம் ஊற அதைவிட நல்லது கிடையாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். ஈரல் அளவுக்கு விலை இருக்காது. ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். உள்ளங்கை அகலம்கூட வராது.

எங்கள் தெருமுனையில் கறிக்கடை வைத்திருந்த பாய்க்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து சுவரொட்டி கேட்டாலும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்பார். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு என்றால் அவளுக்குத்தான் முதலில். அடுத்தது பிள்ளை பெற்றவள், அதற்கப்புறம் ஆபரேஷன் ஆனவர்கள். சும்மா ருசிக்காகக் கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்று விடுவார். நான் முதல் தடவை போனபோது, தங்கச்சிக்கு, ரத்தம் கம்மி, நர்ஸ் ஆகப் போகிறாள் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இன்னாமா, இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி சொல்றியே" என்றார். பிறகு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லி வைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கிறேன் என்று தன் நம்பரைக் கொடுத்தார். போன் எடுக்க நேரம் இருக்காது, மெசேஜ் போட்டால் போதும் என்றார்.

அப்படி ஆறு ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன். மஞ்சள் போட்டுக் கழுவி, சின்னதாக நறுக்கி, வெங்காயமும் மிளகும் போட்டுக் கல்லில் சுருளப் புரட்டிக் கொடுத்தால் தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்து, முடிக்கும்போது கல்லைச் சுரண்டுவாள். எனக்கும் ஒரு வாய் வைப்பாள். எனக்கு அந்த வாசனை ஆகாது என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை என்று அப்போது நம்பினேன்.

ஏழாவது வாரம்தான் தப்பு நடந்தது. மறு செவ்வாய்க்கிழமை டெஸ்ட். அதற்கு முந்தின கடைசி ஞாயிறு. கம்பெனிக்குள் போன் வைத்திருக்க விடமாட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் லாக்கரிலிருந்து எடுக்கலாம். சனிக்கிழமை அப்படி எடுத்து மெசேஜ் எழுதினேன். எனக்கு எழுதுவது என்றாலே ஒரு கூச்சம். ஒன்பதாவதோடு நின்றவள் எழுதியது என்று யாரும் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடக் கூடாது. சுவரொட்டியில் வருவது சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று சந்தேகம். ஆறு வாரம் சரியாக எழுதியதே அன்றைக்குச் சந்தேகமாகிவிட்டது. அழித்து, மாற்றி, திரும்ப மாற்றி, மூன்று தடவை வாசித்துப் பார்த்து அனுப்பினேன். "பாய், நாளைக்குக் காலையில் ஒரு சுவரொட்டி வேண்டும்." அனுப்பிவிட்டுப் போனை லாக்கரில் வைத்தேன்.

எழுத்தை மூன்று தடவை பார்த்தவள், யாருக்குப் போகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் போனில் கறிக்கடைக்காரர் 'பாய் கடை'. தங்கையின் ரெக்கார்டு நோட்டுக்கு ஜெராக்ஸும் பிரிண்ட்டும் எடுக்கும் பிரஸ்காரர் 'கடை பாய்'. அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று போனைப் பார்த்தேன். பதில் வந்திருந்தது.

"கண்ணீர் அஞ்சலியாம்மா? போட்டோவும் பேரும் அனுப்புங்க. எத்தனை காப்பி?"

எனக்கு அது என்னவென்று புரிவதற்கு முன்னால் உடம்புக்குப் புரிந்துவிட்டது. கண் இருட்டி, தூணைப் பிடித்துக்கொண்டேன். சுவரில் ஒட்டுவதும் சுவரொட்டிதான். எங்கள் பக்கம் ஒருவர் ஒரே ஒரு நாள் அவகாசத்தில் சுவரொட்டி கேட்டால், அது பெரும்பாலும் சாவுக்குத்தான் இருக்கும். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் நான் தங்கைக்காகக் கேட்ட ஒன்றுக்கு, போட்டோ அனுப்பு, பேர் அனுப்பு என்று பதில் வந்து நிற்கிறது. அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். ரயில் ஏறி, மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போட்டேன். எடுக்கவே இல்லை.

அறைக்கு ஓடிப் போனால் அவள் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். போன் சைலண்டில் கிடந்தது. மெசேஜைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "போட்டோ நல்லதா பாத்து அனுப்புக்கா. ஐடி கார்டுல இருக்கறத அனுப்பிடாத." நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

உடனே கறிக்கடை பாய்க்கு மெசேஜ் போட்டேன். அவர் பார்க்கவில்லை. ஞாயிறு காலையில் போனபோது அவர் வருத்தமாகத்தான் சொன்னார். "ஒண்ணுதான்மா இருந்துச்சு, ஒரு மாசமான பொண்ணுக்குக் குடுத்தனுப்பிட்டேன். நேத்து மத்தியானமே சொல்லியிருந்தீன்னா எடுத்து வெச்சிருப்பேனே." நான் அறை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். ஆறு வாரம் ஏற்றிய ரத்தம் எல்லாம் என் ஒரு மெசேஜில் இறங்கிவிட்டது என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

"ஒரு சுவரொட்டில ஒண்ணும் ஆயிடாதுக்கா" என்றாள் தங்கை. முருங்கைக்கீரையை நான் உருவ, அவள் எதிரில் உட்கார்ந்து மறுநாள் வகுப்புத் தேர்வுக்குச் சத்தமாகப் படித்தாள். இங்கிலீஷில் படித்துவிட்டு, எனக்காக ஒவ்வொன்றையும் தமிழில் சொல்வாள். அது அவளுக்கு மனதில் நிற்க ஒரு வழி. அன்று படித்தது ரத்தசோகை.

"சீக்கிரம் களைச்சுப் போவாங்க. படபடன்னு வரும். ரொம்ப நேரம் நின்னா கண்ணு இருட்டும். கவனம் ஒரு இடத்துல நிக்காது, படிச்சது மறந்து போயிடும்."

என் கை கீரையில் நின்றுவிட்டது. ஒன்பதாவதில் காலைப் பிரேயரில் நிற்கும்போது இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாம் தடவை பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பில் எதைப் படித்தாலும் கரும்பலகை அழித்த மாதிரிப் போய்விடும். உனக்கு மண்டையில் ஏறாது என்றார் டீச்சர். அப்பாவும் அதையே சொன்னார். நானும் அதையே சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் வந்துவிட்டேன். மாதத்தில் சில நாட்கள் இப்போதும் படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

"இதெல்லாம் எனக்கு ஒன்பதாவதுல இருந்துச்சு" என்றேன்.

தங்கை புத்தகத்தை மூடாமல் கவிழ்த்து வைத்தாள். கிட்ட வந்து, கீரை ஒட்டிய என் கையை விலக்கிவிட்டு, என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு நகத்தைப் பார்த்தாள். அவள் முகம் எனக்குத் தெரியாத ஒரு நர்ஸின் முகமாக இருந்தது.

"நீ ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

அன்று அடை சுடும்போது முதல் அடையை என் தட்டில் போட்டு, நான் தின்று முடிக்கும்வரை கரண்டியோடு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. வார்டுக்குப் பேர் போட்டுவிட்டார்கள். அந்த வார சனிக்கிழமை லீவு போட வைத்து அவளே என்னைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். கை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சீட்டில் எழுதியதை அவள் உடனே என்னிடம் காட்டவில்லை. அவளுக்கு முதலில் வந்ததைவிடக் குறைவு என்று மட்டும் சொன்னாள். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பயம் வரவில்லை. ஏறாமல் போனது மண்டையில் இல்லை, ரத்தத்தில்தான் என்று ஒரு சீட்டில் எழுதித் தந்த மாதிரி இருந்தது. அந்தச் சீட்டை மடித்து இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கறிக்கடையில் பாய் கத்தியைக் கீழே வைத்தார். "யாருக்குமா? பாப்பாவுக்குத்தானே?"

"இல்ல பாய். எனக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் தாமரை இலையில் மடித்து வைத்திருந்ததை எடுத்தார். ஒருத்தர் மாசமாக இருக்கும் தன் சம்சாரத்துக்குச் சொல்லி வைத்ததாம், எட்டு மணி ஆகியும் வரவில்லையாம், இனிமேல் எங்கே வரப்போகிறார், நீயே எடுத்துக்கொண்டு போ என்றார்.

தங்கை புரட்டிக் கொடுத்தாள். வாசனை எல்லாம் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது, கல்லையும் சுரண்டினேன். டீ குடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் கொஞ்சம் தாமதமாக வந்து கேட்டிருப்பாரோ, இல்லை என்றதும் என்ன செய்திருப்பாரோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று இப்போதும், கறிக்கடையைத் தாண்டும்போதெல்லாம், நினைத்துக்கொள்கிறேன்.