அலை ஆளைக் கொண்டுவராது

இதை எழுத எழுத்தாணியை எடுப்பதும் வைப்பதுமாகப் பல வருஷம் போக்கிவிட்டேன். படிப்பு கொஞ்சம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். செய்த பாவத்தைச் சொந்தக் கையால் ஓலையில் கீற மனசு வரவில்லை, அதுதான் நிஜம். என் பெண்சாதி போய்ச் சேர்ந்து இது இரண்டாவது ஆடி. கங்கையம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிறது. ஒல்லாந்தர் கப்பல் கரையை ஒட்டி வர முடியாது. ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அவர்கள் கோட்டையிலிருந்து கப்பலுக்குக் காகிதம் கொண்டுபோவது எங்கள் கட்டுமரக்காரர்கள் வேலை. காகிதத்தை மெழுகுத்துணியில் சுற்றி, ஓலைத் தொப்பிக்குள் வைத்து, தலையில் இறுகக் கட்டிக்கொண்டு போவார்கள். என் பெண்சாதியின் அண்ணன், என் மச்சான், அந்த வேலையில் கெட்டிக்காரன்.

அந்த வருஷம் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை எங்கள் ஊரார் ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. கரகம் எடுக்கும் முறை அந்தத் தடவை எனக்கு வந்திருந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்து வந்த முறை. கரகத்துக்கு முந்தின நாள் கோட்டை ஆள் வந்தான். விடிந்தால் கப்பலுக்குக் காகிதம் போய்ச் சேர வேண்டும், நீங்கள் வராவிட்டால் இனி வேறு குப்பத்துக்காரனை வைத்துக்கொள்வோம் என்றான். மச்சான் போய்த் தொப்பியை வாங்கிக்கொண்டான்.

"காப்புக் கட்டிக்கீது, மறந்துட்டியா?" என்றார் ஊர்த் தலைவர்.

"உங்க கையில காப்பு, என் வயித்துல ஈரத்துணி. எதை அவுக்கறது தலைவரே?" என்று சொல்லிவிட்டுப் போனான். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் போனவன் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினான். அலை உடைகிற இடத்துக்கு வெளியே வரும்போது கட்டு அறுந்து மரங்கள் பிரிந்துபோயின. ஒரு மரம் அவன் காலில் அடித்திருக்க வேண்டும். நீச்சலில் மீன் மாதிரி இருப்பவன், நீந்தாமல் ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். கூப்பிட்டால் கேட்காத தூரம். கையைத் தூக்கினால் தெரிந்தது.

ஊரே கரையில் கூடிவிட்டது.

"பாரு, சலாம் போடறான்."

"கோட்டைக்காரனுக்குப் போட்டுப் பழகின கை, சும்மா இருக்குமா?"

"தொப்பி பத்திரமாக் கீதா பாரு. அது போனா ஒல்லாந்தன் அழுவான்."

தலைவர் எல்லோரையும் கையமர்த்தினார். "குத்தம் இல்லாதவனா இருந்தா அம்மாவே அலைமேல ஏத்தி அனுப்புவா. நாம இறங்க வேணாம்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வந்துகொண்டுதானே இருந்தன. அவனையும் கொண்டுவர எத்தனை நேரம் ஆகும்?

எனக்குத் தெரியும், கொண்டுவராது என்று. பெரிய புத்தியால் தெரிந்தது இல்லை. அதற்கு முந்தின கோடையில் வலைக்கயிற்றைக் காயவைக்க ஒரு முனையை முளையில் கட்டி, மறுமுனையை உதறினேன். கயிற்றில் ஒரு மேடு கிளம்பி முளை வரைக்கும் ஓடியது. கயிற்றில் ஒரு காக்கை இறகு செருகியிருந்தது. அது எழும்பி, இறங்கி, இருந்த இடத்திலேயே இருந்தது. பெண்சாதியைக் கூப்பிட்டுக் காட்டி, திரும்பத் திரும்ப உதறினேன். மேடுதான் ஓடியது, இறகு ஓடவில்லை. பிறகு கடலில் வலைமிதப்பு ஒன்று அறுந்து மிதந்தபோது கவனித்தேன். அலை அதன் அடியில் நுழைந்து போனது. மிதப்பு ஏறி இறங்கி அங்கேயே நின்றது. அலை ஓடுகிறது, தண்ணீர் ஓடுவதில்லை. நிலம் மேடாகி அலையின் கால் தட்டுகிற இடத்தில்தான் அது இடறி விழுகிறது. விழுந்த பிறகுதான் தண்ணீரும் அதில் கிடப்பதும் கரைக்கு உருளும். மச்சான் கிடந்தது அதற்கு வெளியே. அன்று நீரோட்டமும் செத்துக் கிடந்தது. கரையிலிருந்து வீசிய காற்று வேறு அவனை உள்ளே வரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

என் பெண்சாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாங்க, எங்கண்ணன் ஏறுது, இறங்குது, அங்கியேதான் கீது. கயித்துல நீதான எனக்குக் காட்டின? அந்த இறகு மாதிரி கீது. யாரையாவது போகச் சொல்லு."

"அம்மா பாத்துப்பா" என்றேன்.

அந்த நேரம் பட்டணத்து மரக்காயர் ஒருவர் தன் படகோடும் ஆட்களோடும் வந்தார். எங்கள் மீனை வாங்குகிறவர். "காப்பு உங்களுக்குத்தான? எங்களுக்கு இல்லியே. நாங்க போய்த் தூக்கியாறோம்" என்றார். தலைவர் மறுக்க வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"அவன் மச்சான் இதோ நிக்கிறான். கரகக்காரனும் அவன்தான். அவன் போகச் சொன்னா போங்க. நான் குறுக்க நிக்கல."

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. போங்கள் என்று சொன்னால், அம்மன் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் கரகம் என் தலைக்கு வராது. என் கைக் காப்பைத்தான் பார்த்தேன்.

"வேணாம் மரக்காயரே. அலையே கொண்டாந்துடும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ பாத்து சொல்றியா, வேண்டிக்கினு சொல்றியா?"

"பாத்துத்தான்" என்றேன்.

பெண்சாதி மணலில் உட்கார்ந்துவிட்டாள். மரக்காயர் உச்சிவரை நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் போகும்போது மச்சான் கையைத் தூக்கினான். படகு திரும்புவதை அவன் பார்த்திருப்பான். அதற்குப் பிறகு அவன் கையைத் தூக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் காற்று மாறியது. கடல்காற்று அந்த மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அலை உடைகிற இடத்துக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்து ஒரே அலை அவனை உருட்டி எங்கள் காலடியில் போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். புரட்டிப் பார்த்தார்கள். வாய் நிறைய மணல். குலவை நின்றது.

"கொண்டாந்தாளா இல்லியா?" என்றார் தலைவர். "உசுரோட கொண்டாறேன்னு அவ சொல்லல. அது அவன் குத்தம்."

சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காப்புக் கட்டினவனுக்குச் சாவுத் தீட்டு இல்லை என்றும் அங்கேயே முடிவானது. பெண்சாதி அண்ணன் வாயிலிருந்து மணலை விரலால் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் கரகம் எடுத்தேன். கால் தடுக்கவில்லை, கரகம் சாயவில்லை. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்றார்கள்.

அதற்கப்புறம் அவள் சாகிறவரை எனக்குச் சோறு போட்டாள். 'இன்னாங்க' என்று மட்டும் ஒரு நாளும் கூப்பிடவில்லை. என்னிடம் எதையும் கேட்டதும் இல்லை. அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குச் சொன்ன தீர்ப்பு அவள் வாயில் நாங்கள் வைத்த வார்த்தை. தினமும் விளக்கேற்றுகிறேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஊரில் இப்போது கதை மாறிவிட்டது. அன்று கடல் கொந்தளித்ததாம், யாராலும் இறங்க முடியாமல் போனதாம். இந்த ஓலைக்குப் படி எடுக்கிறவர்களுக்கும், எனக்கு இரங்கி, அப்படி ஒரு வரி சேர்க்கத் தோன்றலாம். சேர்க்க வேண்டாம். கடல் கொந்தளிக்கவில்லை. படகு இருந்தது, போக ஆளும் இருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இருக்கிறபடியே எழுதி, இருக்கிறபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.