பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னவள்

தொண்ணூறுகளின் நடுவில் டிவியில் ஒரு தொடர் ஓடியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு. ஏதோ ஒரு பெரிய நகரத்தில் ஆறு மாடிக் கடை, அதற்கு ஒரு பெண் மேலாளர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, வலது கையில் கடிகாரம், நடந்தால் டக் டக்கென்று செருப்புச் சத்தம். யாராவது சண்டைக்கு வந்தால் அவள் சிரிப்பாள். வந்தவர் அரை மணி நேரத்தில் இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு அவளையும் வாழ்த்திவிட்டுப் போவார். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. நானும் கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரே எதிரி அம்மா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலில் நவநாள் ஜெபம் இருக்கும். கடைசி ஆசீர் முடிவதற்குள் நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, முக்காட்டை எடுக்கக்கூட மறந்து வீட்டுக்கு ஓடுவேன். "சாமியவிட அவ பெருசாப் போயிட்டாளா ஒனக்கு?" என்பார் அம்மா. அம்மாவின் ஜெப நோட்டை எடுத்து, அதன் பின்பக்கத்திலிருந்து மேலாளர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பேன். முன்பக்கம் மாதாவுக்குப் புகழ்மாலை, பின்பக்கம் வியாபார தந்திரம். இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும் என்று அப்பா கேலி செய்வார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெரியப்பா வாத்தியார். அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அரைப் பள்ளிக்கூடமே உட்கார்ந்த மாதிரி இருக்கும். நான் பி.ஏ. முடித்த கையோடு அப்பா ஆசிரியர் பயிற்சிக்கான படிவத்தை வாங்கிவந்து, தன் அழகான கையெழுத்தில் எல்லாக் கட்டத்தையும் பூர்த்தி செய்து, பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அதாவது, அம்மா பார்க்கும்போது சாப்பிடாமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். "ஒனக்குக் கடையிலதான் வேலை பாக்கணுமா? பாரு. மூணு மாசம். அதுக்குள்ள வேலைய நெரந்தரமாக்கிக் காட்டு. இல்லாட்டி இதுல கையெழுத்துப் போட்டுரணும்."

காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை கிடைத்தது. அந்தக் கடையில் அதுவரை பெண்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. ஆனால் வாங்க வருபவர்கள் பாதிக்கு மேல் ஆச்சிமார், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்கள். அவர்கள் வீடுகளில் பெண் பிறந்த நாளிலிருந்தே அவள் கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பித்தளை, எவர்சில்வர், பீங்கான் என்று கரண்டியிலிருந்து அண்டா வரைக்கும். கல்யாணத்தன்று அத்தனையையும் வீட்டில் பரப்பி வைப்பார்கள், ஊரே வந்து பார்க்கும். ஒவ்வொன்றிலும் வீட்டு விலாசம் என்று சொல்லும் குடும்ப முதலெழுத்துகளும் பெண்ணின் பெயரும் வெட்டியிருக்க வேண்டும். ஆச்சிமாரோடு பொறுமையாகப் பேச ஒரு பெண் இருந்தால் நல்லது என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் மூன்று மாதம்தான் சொன்னார். "பாப்போம். ஆச்சிமாருக்குப் புடிச்சிருந்தா இரு."

நான் கவலைப்படவில்லை. என்னிடம் நோட்டு இருந்தது.

முதல் பாடம்: கடைக்குள் காலெடுத்து வைப்பவரைப் பார்த்து முதல் நொடியிலேயே சிரிக்க வேண்டும். நான் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன். வந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கருமாதிக்குச் செம்பு வேணும்" என்றார். இன்னொரு பாடம், வாடிக்கையாளரிடம் எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. அதை எங்கள் ஊர்க் கடைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் முதலாளி இருபது வருடமாக எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது. "லோடு வந்துக்கிட்டே இருக்கு" என்றுதான் சொல்வார். வாடிக்கையாளர் நிற்கும்போது உட்காராதே என்றாள் மேலாளர். நான் நின்றால் ஆச்சிமாருக்குப் பொறுக்காது. "ஏன் புள்ள மரம் மாதிரி நிக்கிற, வந்து உக்காரு" என்று பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார்கள். இப்படியே இரண்டரை மாதம் ஓடியது. கடையில் எல்லோருக்கும் என்னைப் பிடித்திருந்தது, ஆனால் பெரிதாக ஒரு வியாபாரம் என் கையால் நடக்கவில்லை. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. தொடரில் ஒரு பெரிய மனுஷி கோபமாகக் கடைக்குள் நுழைகிறாள். மேலாளர் எழுந்து போய், கும்பிட்டு, அவள் பெயரை முழுதாகச் சொல்லி வரவேற்கிறாள். வந்தவள் முகம் அப்படியே மலர்ந்துவிடுகிறது. ஒரு மனிதருக்குத் தன் பெயரைக் கேட்பதைப் போலச் சந்தோஷம் வேறு கிடையாது, எனவே பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றாள் மேலாளர். நான் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு கார் நின்றது. டிரைவர் முதலில் ஒரு பழைய பித்தளைத் தவலையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். "ஆச்சி பின்னால வாராக. இதுக்கு ஈயம் பூசி பாலிஷ் போடணுமாம். மக கல்யாணத்துக்கு மொத்தச் சாமானும் இங்கதான் எடுக்கப் போறாக" என்றார். மொத்தச் சாமான் என்றால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிற வியாபாரம். தவலையைத் திருப்பினேன். விளிம்பில் அழகாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. ஆச்சியின் பெயர் தானாகவே என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆச்சி உள்ளே வந்தார், பின்னால் கல்யாணப் பெண். நான் எழுந்து போனேன். கடிகாரம் தெரிகிறபடி கும்பிட்டேன். முன்னால் ஒரு 'திருமதி', பின்னால் ஒரு 'அவர்களே' சேர்த்து, அந்தப் பெயரைக் கணீரென்று சொன்னேன்.

கடையே நின்றுபோனது. மூலையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டார். முதலாளி கல்லாவிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். ஆச்சியின் முகம் சிவந்துவிட்டது. கல்யாணப் பெண் மட்டும், "ம், சொல்லுங்க" என்று முன்னால் வந்தாள்.

"பெறகு வாரோம்" என்று சொல்லிவிட்டு ஆச்சி திரும்பிப் படியிறங்கினார். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்த வார்த்தைக்கு, இனி வரமாட்டோம் என்று பொருள். தவலை மட்டும் என் முன்னால் கிடந்தது.

பெயர் வெட்டும் அண்ணன் தச்சுவேலைக் குடும்பத்துக்காரர். மரத்தூள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மிஷினுக்கு வந்தவர். அவர்தான் விளக்கினார். "தங்கச்சி, நாக்குல சனியா ஒனக்கு? அது அவுக மாமியா பேரு. மாமியா பேரை மருமக வாயால சொல்ல மாட்டாக. மூத்த பொண்ணுக்கு அப்பாவப் பெத்தவுக பேரைத்தான் வைப்பாக. அந்தப் பொண்ணுக்கும் அதே பேருதான். பெத்த மகளையே அவுக இத்தனை வருசமாப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீ என்னடான்னா அவுகளையே அந்தப் பேரால கூப்பிட்டுருக்க, அதுவும் நடுக்கடையில!"

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ந்தாம்மா, அடுத்த வாரம் சனிக்கிழமையோட மூணு மாசம் முடியுதுல்ல? அதோட நின்னுக்க" என்றார்.

பஸ்ஸில் தேவகோட்டை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மேலாளர்மீதுதான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறு மாடிக் கடையில் இருப்பவளுக்கு மாமியாரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிவதற்குள் ஓடிவந்து அவள் முன்னால்தான் உட்கார்ந்தேன். வெட்கக்கேடு. அன்று அவள் கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரின் வீட்டுக்குப் பூங்கொத்தோடு போனாள். காரைக்குடியில் பூங்கொத்துக்கு எங்கே போவேன்? கிடைப்பது மல்லிகைச் சரமும் மாலையும்தான். மாலையோடு போய் நின்றால், யாருக்கு என்ன ஆச்சு என்று அக்கம்பக்கமே கூடிவிடும். நான் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. காலையில் பைபிளுக்கு மேலே அப்பாவின் பேனா ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது.

கடையில் அன்று எனக்கு யாரும் வேலை சொல்லவில்லை. ஈயம் பூசிப் பாலிஷ் போட்டு வந்திருந்த அந்தத் தவலையை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. ஆச்சி தனியாக இறங்கினார். கையில் பேப்பர் சுற்றிய பெரிய தாம்பாளம். முதலாளி ஓடிப்போய், "வாங்க ஆச்சி, உக்காருங்க, கலர் சோடா சாப்பிடுறீகளா?" என்றார். நான் தவலைக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்த்தேன்.

ஆச்சி உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்துத் தாம்பாளத்தை மேசைமேல் வைத்தார். பளபளவென்று புது எவர்சில்வர். விளிம்பில் வீட்டு விலாசம் சரியாக வெட்டியிருந்தது. அதை அடுத்து, கொட்டை எழுத்தில், 'பாப்பா' என்று இருந்தது.

பெயர் வெட்டும் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"வேற கடைக்குப் போனேன்" என்றார் ஆச்சி. "விலாசம் சொன்னேன், வெட்டுனாக. பேரு என்னன்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல? மக பரிச்சைக்கு மதுரைக்குப் போயிட்டா. எங்க பாப்பாவுக்குத்தான்னு சொன்னேன். உள்ள போய் அப்படியே வெட்டிக் கொண்டாந்துட்டாக."

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கலாமே ஆச்சி" என்றார் முதலாளி.

"எழுதுனா மட்டும் சொன்னதா ஆகாதா?"

ஆச்சி தாம்பாளத்தை ஒரு தடவை பார்த்தார். "இதைக் கொண்டுபோய்க் கல்யாணத்துல பரப்பி வச்சா, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக? தொட்டில்ல கெடக்குற புள்ளைக்குக் கல்யாணம் பண்றோம்னு நெனக்க மாட்டாக?" என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அண்ணன் மிஷின்மேல் குப்புறக் கவிழ்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

சிரித்து முடித்து ஆச்சி என் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளைக்குப் பேரு தெரியும். இதுகிட்ட நான் சொல்ல வேண்டியதில்ல, அதுவும் கேக்க வேண்டியதில்ல. ஒவ்வொண்ணா வெட்டி முடியிறமட்டும் அது பக்கத்துல நின்னு பாத்துக்கிரட்டும்."

"மொத்தச் சாமானும்னா ரெண்டு மூணு மாசம் ஆகும் ஆச்சி" என்றார் முதலாளி.

"ஆகட்டும். அதுவரைக்கும் இந்தப் புள்ள இங்கதான இருக்கும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கண்ணுக்கு நேராகப் பார்த்ததில்லை.

"இருக்கும் ஆச்சி" என்றார் முதலாளி. "அது எங்க போகப் போகுது?"

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பேனாவை எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் செருகினேன். படிவத்தின் பின்பக்கம் வெற்றாக இருந்தது, அதில் அம்மா அடுத்த வாரத்து மளிகைச் சாமான் எழுதினார். அந்தக் கடையில் நான் பதினோரு வருடம் இருந்தேன், பின்பு வேறொரு ஊரில் ஒரு கடையையே நடத்தினேன். மேலாளரின் தொடர் அடுத்து வந்த தை மாதத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. எனக்கு அவள்மீது இப்போது கோபம் இல்லை. பெயரைக் கேட்டால் மனிதருக்குச் சந்தோஷம் என்று அவள் சொன்னது சரிதான். யார் பெயரை, யார் வாயால், யார் கேட்க என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. அதை எனக்கு அந்தச் சனிக்கிழமையே ஆச்சி காட்டிவிட்டுப் போனார்.

அன்று அவர் கிளம்புவதற்கு முன் முதல் பாத்திரமாக ஒரு சின்னக் குத்துச்சட்டியை எடுத்துக் கொடுத்தேன். பெயரை நான்தான் அண்ணனின் காதருகில் குனிந்து சொன்னேன், ஆச்சிக்குக் கேட்காதபடி. மிஷின் ர்ர்ரென்று ஓடி நின்றது. துணியால் துடைத்து, ஆச்சியிடம் நீட்டினேன். அவர் அந்த எழுத்துகள்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு என்னை அருகில் வரச் சொன்னார்.

"அன்னிக்குச் சொன்னீல்ல, சத்தமா" என்றார். "அது மாதிரி ஒருக்கா வாசி. எங்க மக பேரு நல்லாத்தான் இருக்கு."

நான் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.