டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊரில் இருக்கிற தங்கைக்குப் போடுகிற கடுதாசியும்தான். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் மாற்றி எழுதியிருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விஷயத்தை வேறு யாரையும் எழுதச் சொல்ல முடியாது. செய்தது நான்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். என் வீட்டுக்காரர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வங்காளி நன்றாகப் பேசுவார். ஆனால் இரண்டு வார்த்தை பேசினால் போதும், கும்பகோணத்துப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதனால் எங்கள் பாடாவில், அதாவது எங்கள் தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்து, துர்கா பூஜை முடிந்து வருஷா வருஷம் போடுகிற நாடகத்தில் அவருக்கு வேஷம் கொடுத்ததே இல்லை. நாற்காலி எடுத்துப் போடுவார். திரைக்கயிறு இழுப்பார். எத்தனையோ வருஷம் அப்படித்தான். அவரும் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் நாடகம் முடிந்த மறுநாள் குளிக்கும்போது ஒவ்வொருத்தர் வசனத்தையும் தானே சொல்லிப் பார்ப்பார். சமையலறை வரைக்கும் கேட்கும். கேட்டதாக நான் காட்டிக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் மேல் மாடி தாதா இறங்கி வந்தார். தாதா என்றால் இங்கே அண்ணன் என்று அர்த்தம். நாடகத்தை நடத்துகிறவர் அவர்தான். இந்தத் தடவை கதை ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நடக்கிறதாம். ரயில், படகுச் சங்கு, மழை, நரி, எல்லாச் சத்தமும் வேண்டுமாம்.

"சத்தமெல்லாம் உங்க பொறுப்பு," என்றார். வங்காளியில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். "நெட்டுலேருந்து எடுக்காதீங்க. எல்லாப் பாடாவுலயும் அதே ரயில்தான் ஓடுது. நீங்க ரயில்வேக்காரர். நமக்குன்னு ஒரு ரயில் கொண்டாங்க."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் இரண்டு தடவை காப்பி கேட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குக் காப்பி வேண்டும்.

மூன்று மாதம் அலைந்தார். கையடக்கமாக ஒரு ரெக்கார்டர் வைத்துக்கொண்டு விடியற்காலையில் படித்துறைக்குப் போய்ப் படகுச் சங்கு எடுத்தார். பழைய சிநேகிதரைப் பிடித்து, யார்டில் கூட்ஸ் வண்டி பெட்டியோடு பெட்டி முட்டுகிற சத்தத்தை எடுத்தார். மழைதான் சரியாக வரவில்லை. நிஜ மழையைப் பிடித்துப் போட்டுக் கேட்டால் அப்பளம் பொரிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை ஊற்ற ஊற்ற நான் முறத்தில் பச்சரிசியைப் போட்டு மெதுவாக உருட்டினேன். அது அசல் மழையாக வந்தது. "மழை பெய்யிறதுன்னா இப்பிடித்தான்டி பெய்யணும்," என்றார்.

அவ்வளவையும் போட்டு வைக்க சாந்தினிக் கடைத்தெருவில் ஒரு டிஸ்க் வாங்கி வந்து, கம்ப்யூட்டருக்குள் தானே மாட்டினார். ஏற்கெனவே உள்ளே ஒன்று இருக்கிறது. இது இரண்டாவது. ரெக்கார்டரில் இடம் பத்தாது என்று, டிஸ்க்கில் ஏற்றியதும் அதில் அழித்துவிடுவார். ஆக எல்லாச் சத்தமும் அந்த ஒரு டிஸ்க்கில்தான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதோடு சரி, திரும்ப மூடவில்லை. "காத்தாடட்டும்," என்றார்.

நவமி வந்தது. வெளியே பந்தலில் தாக் மேளம் அடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை, ஆயுத பூசை. அரிவாள்மனை, கத்திரிக்கோல், தையல் மெஷின், அவருடைய திருப்புளி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு எப்போதும் வெளியே தகட்டில்தான் வைப்பது. அந்த வருஷம் தகடு இல்லை. உள்ளே அந்த டிஸ்க்கின் ஓரம் தெரிந்தது. கத்திக்குப் பொட்டு வைக்கிறவள் உறைக்கா வைப்பேன்? வேலை செய்வது எதுவோ அதற்குத்தானே வைக்கவேண்டும்? அப்படித்தான் எனக்குப் பட்டது. ஓரத்தில் இரண்டு வயர் செருகியிருந்தது, ஒன்று சின்னது, ஒன்று அகலம். அகலமானது வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அதைக் கொஞ்சம் இழுத்து, மூன்று விரலால் சந்தனம் இட்டு, திரும்ப அமுக்கிவிட்டேன். கல்லில் உரைத்த சந்தனம், கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது. வழிந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு நைவேத்தியத்துக்குப் போய்விட்டேன்.

பூசையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, புனர்பூசை ஆனதும் அவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. ரெண்டாவது டிஸ்க்கக் காணோம்."

"அங்கதான இருக்கு?"

"கண்ணுக்கு இருக்கு. கம்ப்யூட்டருக்குத் தெரியல."

எனக்கு அப்போதே சந்தனம் ஞாபகம் வந்தது. ஆனால் நிச்சயமாகத் தெரியாதே என்று சும்மா இருந்தேன். அவர் அணைத்து அணைத்துப் போட்டார். பந்தல் விளக்கெல்லாம் கரண்ட்டை இழுப்பதால்தான் என்றார். அப்புறம் டிஸ்க்கே போலி என்றார். போட்டவுடன் ஒரு பட்டனை அமுக்கினால் நீலமாக ஒரு திரை வரும், அதற்குள் போய் ரொம்ப நேரம் எதையோ நோண்டினார்.

மறுநாள் என்னை டார்ச் பிடிக்கச் சொல்லி உட்கார்ந்தார். சின்ன வயரைக் கழற்றி வேறு சின்ன வயர் போட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பலகையில் அது போய்ச் செருகுகிற ஓட்டையை மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பழைய ஓட்டையிலேயே போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அகலமான வயரைத் தொடவே இல்லை. "அது கரண்ட் வயர், அதுல என்ன ஆகப்போவுது," என்றார். அதன் விளிம்பில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது டார்ச் வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு அது வெளியே வைத்த பொட்டுகளோடு ஒரு பொட்டு. சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. கல்யாணமான நாளாக எனக்கு அப்படித்தான். சண்டைக்குப் பயந்து இல்லை, வெட்கம்.

சொல்லாமல் ஒன்று மட்டும் செய்தேன். மிக்ஸியோ ஃப்ரிட்ஜோ ஓடுகிறதா இல்லையா என்று தொட்டாலே தெரியும். கம்ப்யூட்டர் ஓடும்போது முதல் டிஸ்க்கைத் தொட்டேன், லேசாக அதிர்ந்தது. இரண்டாவதைத் தொட்டேன், சில்லென்று சும்மா இருந்தது.

"இது ஓடவே இல்லீங்க," என்றேன்.

அவரும் தொட்டுப் பார்த்தார். "ஆமா. அப்ப மோட்டார் செத்துப்போச்சு," என்று சொல்லித் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் துப்புக் கொடுப்பதாக நினைத்து, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மேல் மாடி தாதா வந்தார். சாயங்காலம் சத்தத்தோடு ஒத்திகை என்று சொல்லத்தான் வந்தார். இவர் விஷயத்தைச் சொன்னார். தாதா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் தோளைத் தட்டிக்கொடுத்து, "போனாப் போவுது, நெட்டுலேருந்து எடுத்துக்கலாம். நீங்க திரைக்கயிறப் பாத்துக்கங்க," என்றார்.

"சரி," என்றார் இவர். தாதா போனதும் பகல் பதினோரு மணிக்கே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டிஸ்க் விற்ற கடைக்காரருக்குப் போன் பண்ணச் சொன்னேன். சாந்தினியில் லட்சுமி பூஜை வரைக்கும் கடை எதுவும் திறக்காது, அவரும் பூஜைக்கு மேதினிப்பூர் பக்கம் ஊருக்குப் போயிருந்தார். ஆனாலும் போனை எடுத்தார். என் வீட்டுக்காரருக்கு ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். படுத்தபடியேதான் பேசினார். கடைக்காரர் வீட்டில் யாரோ ஆட்டுக்குட்டியை விரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

வயர் மாற்றினீர்களா, ஓட்டை மாற்றினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். அப்புறம் கடைக்காரர் கேட்டார்: "தண்ணி கிண்ணி ஏதாவது விழுந்துச்சா?"

"இல்லவே இல்ல," என்றார் இவர்.

"பொடேச்சே, தாதா," என்றேன் நான். விழுந்தது என்று அர்த்தம். "சொந்தன்." சந்தனத்துக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

தமிழில் என் புருஷனிடம் மூன்று நாளாக வராத வார்த்தை, வங்காளியில் முகம் தெரியாத ஒருத்தரிடம் எப்படி வந்ததென்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். வேற்றுப் பாஷையில் சொன்னால் வேறு யாரோ செய்த மாதிரி இருக்கிறது போல.

இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"உள்ளயா வெச்ச?"

"உள்ளதான்."

"வெளிய அம்மாம் பெரிய பெட்டி இருக்கே?"

"மழையெல்லாம் உள்ளதான இருக்கு," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். போனில் கடைக்காரர், "ஹலோ, ஹலோ, பௌதி, எப்ப வெச்சீங்க, எப்பப் போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பௌதி என்றால் அண்ணி. நவமி காலையில் வைத்தேன், எங்கள் வழக்கப்படி அன்றைக்குத் தொடாமல் தசமி காலையில்தான் போட்டோம் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "பொழைச்சீங்க. ஈரத்தோட போட்டிருந்தா பொகை வந்திருக்கும். ஒரு நாள் சும்மா வெச்சதால காஞ்சுபோச்சு. பிளக்குல சந்தனம் பூசிக்கிட்டு கரண்ட் உள்ள போவல. டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்."

அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். சுவரில் பிளக்கைப் பிடுங்கினோம். அகலமான வயரைக் கழற்றினோம். வெள்ளி விளக்குத் தேய்க்கிற பழைய பல் பிரஷ், நன்றாகக் காய்ந்தது, அதை வைத்து டிஸ்க்கின் வாயை மெதுவாகத் தட்டினேன். மஞ்சள் பொடி உதிர்ந்தது. பிறகு, என் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறதற்கு வைத்திருக்கிற ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்தோம். சந்தனம் ஏறிய பிளக்கை விட்டுவிட்டு, அதே வயரில் சும்மா தொங்குகிற இன்னொரு பிளக்கைச் செருகச் சொன்னார் கடைக்காரர். செருகிப் போட்டதும் நான் விரலை வைத்தேன்.

"ஓடுதுங்க."

ஓடியது. ஆனால் திரையில் அப்போதும் வரவில்லை. இவர் முகம் திரும்பவும் தொங்கிப்போனது. மறுபடி போன்.

"முதல்ல வருமே நீலத் திரை, அதுல எதையாவது மாத்தினீங்களா?" என்றார் கடைக்காரர்.

இவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு," என்றார்.

டிஸ்க்கின் சின்ன வயர் போய்ச் செருகுகிற ஓட்டையையே அந்தத் திரையில் அணைத்து வைத்திருந்தாராம். அணைத்துப் போட்டால் சரியாகும் என்று நினைத்து அணைத்தவர், திரும்பப் போட மறந்துவிட்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சொன்னியா?" என்றார் அவர். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவரும் சிரித்தார்.

அதைச் சரி பண்ணியதும் டிஸ்க் வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். அவர் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி என் பீரோவில் வைக்கச் சொன்னார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு மேல் மாடிக்குப் போனார். இரண்டு இரண்டு படியாக ஏறினார், இந்த வயதில்.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் நாடகம். நான் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், எனக்கு அங்கேதான் வசதி. சங்கு ஊதியது, நரி ஊளையிட்டது, எல்லாம் வேளைக்கு வந்தது. முக்கியமான இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக வருகிறவர், "அதோ வண்டி வந்துவிட்டது," என்று கையை நீட்டினார். வண்டி வரவில்லை. இவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கையை இறக்காமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த லைனில் எப்போதும் லேட்தான்," என்றார். பாடா முழுக்க இவர் பக்கம் திரும்பிச் சிரித்தது. இவர் திடுக்கிட்டு அமுக்கினார். தடதடவென்று கூட்ஸ் வண்டி வந்தது. கைதட்டல் அடங்கும்வரை வசனம் பேசமுடியவில்லை. அடுத்த வருஷமும் வண்டி லேட்டாகத்தான் வரவேண்டும் என்று மேல் மாடி தாதா சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு வயரில் எது கரண்ட், எது இன்னொன்று என்று நான் சரியாக எழுதியிருக்கிறேனா, ஸ்பிரிட்டால் துடைப்பதும் ஒரு மணி நேரம் காய வைப்பதும் போதுமா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டிருப்பேன். ஆனால் அந்த நீலத் திரை விஷயத்தை அடித்துவிடச் சொல்வார்.