ஊதுபத்திப் புகை போன வழி

ஊதுபத்திப் புகை நேரே மேலே போகவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை, கீழே ஃபர்னஸ் உறுமத் தொடங்கியதும், அது அரைச் சாண் எழும்பி, யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல வளைந்து பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. கைகூப்பி நின்ற எனக்குத் தேவாரத்தின் அடுத்த வரி மறந்துபோயிற்று. சுவர் புகை குடிக்கிறது!

எண்பத்தேழு, மாசி மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, அஜின்கோர்ட்டில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கும் அம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில் குந்தியிருந்து காற்றைச் சூடாக்கி, குழாய்களால் அறை அறையாக அனுப்பிய ஃபர்னஸும் அதே காலத்து ஆள்தான். மார்கழியிலிருந்து அதற்கு ஏதோ வருத்தம். பத்து நிமிடம் எரியும், அணையும், ஆறிய பிறகு மறுபடி எரியும். தொப்பி போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டோம். திருத்த வந்த வெள்ளைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். அளவுக்கு மீறிச் சூடாகித் தானே நிற்கிறது, வயதாகிவிட்டது, புதிதாக மாற்றுவதுதான் நல்லது, ஆனால் அடுத்த கிழமைதான் செய்யலாம் என்றார்.

சனிக்கிழமையோ சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு எங்களிடம் வருவதாக இருந்தது. சித்தப்பா இன்னும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தார். குளிர் வீட்டில் குழந்தையை வைத்திருக்க முடியாது, மோர்னிங்சைட்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் விடலாம் என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். நான் என் மேசை லாச்சியை வெறுமையாக்கி, குழந்தைச் சட்டைகளை நிறம் நிறமாக அடுக்கி முடித்திருந்தேன். வகுப்பு முழுவதுக்கும் சொல்லியும் முடித்திருந்தேன்.

பிள்ளையாரை மெல்ல நகர்த்தினேன். பின்னால் சுவரில் அகலமான கம்பிச்சட்டம். அதன்மேல் பசுமதி அரிசிச் சாக்கு ஒன்றை நாலாய் மடித்து, சுற்றிவர ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் நாடா கழன்றிருந்தது. அங்கே விரலை வைத்தேன். காற்று வரவில்லை. போனது.

"என்ன பிள்ளை, சாமித்தட்டிலை கை வைக்கிறாய்?"

"இதை ஆரம்மா அடைச்சது?"

"நான்தான், மார்கழி பிறக்க. குளிர்காத்து உதுக்காலைதானே வருது."

"வரேல்லை அம்மா, போகுது. ஃபர்னஸ் இதாலைதான் மூச்சு எடுக்குது. நாங்கள் அதின்ரை மூக்கைப் பொத்தி வைச்சிருக்கிறம்."

இரவு வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "வீட்டிலை ஒரு இஞ்சினியரை வைச்சுக்கொண்டு நான் கொம்பனிக்காரனைக் கூப்பிட்டிட்டன். அது முப்பது வருசம் ஓடின சாமான் பிள்ளை, மாத்தத்தான் வேணும்."

"எனக்கும் அந்த வயசுதான்," என்றார் அம்மா. "என்னையும் மாத்தப்போறியளோ?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒருக்காக் கழட்டிப் பாப்பம் அப்பா. நாளைக்குக் குழந்தை வருது."

அம்மா சாக்கைப் பார்த்தார். பிறகு பேஸ்மென்ற் படிகளைப் பார்த்தார். "அதை எடுத்தால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கடைசியில், சுவாமிப் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்ச்சுவர்ப் பக்கம் வைத்தது அவர்தான். சாக்கை உரித்தது நான்.

பாடசாலை பஸ் போய்விட்டது. ஃபர்னஸின் சின்னக் கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் மணிக்கூட்டோடு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். பதினைந்து. நீலச் சுவாலை அணையவில்லை. மேலே வந்தபோது அம்மாவின் தலையில் தொப்பி இல்லை.

அப்பா கூப்பிட, அன்று மாலையே வெள்ளைக்காரர் திரும்பி வந்து, மீற்றர் வைத்துப் புகையையும் சோதித்தார். மேலே வந்து சுவரைப் பார்க்கத் தனக்குத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்தக் குளிர்காலம் தாங்கும், கோடையில் மாற்றிவிடுங்கள் என்றார். சனிக்கிழமை குழந்தை வந்தது. சட்டை எல்லாமே பெரிதாக இருந்தது.

ஞாயிறுகளில் அப்பா கொழும்புக்குக் கதைப்பது ஃபர்னஸுக்குப் பக்கத்திலிருந்த ரெலிபோனில்தான். அந்த ஞாயிறு, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கம்பிச்சட்டத்தினூடாக எங்கள் ஹோலுக்கு ஏறி வந்தது. ஊரில் எங்கே ஷெல் விழுந்தது, யாருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மாமாவைப் பற்றி ஏன் இன்னும் தகவல் இல்லை. அம்மா என் காதைப் பொத்தப்போவதுபோலக் கைகளைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டார். பிறகு படியோரம் போய் நின்றார்.

"இனி மேலை வந்து கதையுங்கோ. உவளுக்கும் கேக்கட்டும். உவள் வளந்திட்டாள்."

அந்தச் சாக்கு குளிருக்கு மட்டும் வைத்ததல்ல என்பது எனக்குப் பிடிபடப் பல வருடங்கள் ஆயின. அன்று எனக்கு வேறு அவசரம். கோடையில் பழைய ஃபர்னஸை எறியாமல் என்னிடமே தரவேண்டும், திருகாணி திருகாணியாக நான்தான் பிரிப்பேன் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு கையால் எழுதத் தொடங்கினேன்: முதலில், மேல் மூடி.