ஒரு பிடி கடுகு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் பெருமை தேவைக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.

அம்மாவுக்கு அப்போது, நாங்கள் பிழைக்கப் போன மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில், ஒரு சின்னப் பட்டறையில் வேலை. மெஷினிலிருந்து வரும் வண்டிப் பாகங்களின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை இரும்புப் பிசிறு ஒன்று அவளுடைய வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். புதன்கிழமை விரல் சிவந்து வீங்கி, நகத்தோரம் சீழ் கட்டியிருந்தது.

அந்த வாரம்தான் எங்களுக்கு வெள்ளை அணுக்கள் பாடம் ஆரம்பித்திருந்தார்கள். பள்ளியில் மராத்தியில் கேட்டதை வீட்டில் தமிழில் சொல்வது என் வழக்கம். அன்று அம்மாவால் முடியாததால் சப்பாத்திக்கு மாவு பிசைந்தது நான். தட்டில் ஒரு கடுகை வைத்தேன். அது கிருமி. மாவு உருண்டை, வெள்ளை அணு. அதற்கு வாய் கிடையாது. உடம்பையே கைபோல நீட்டிக் கிருமியை வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டு கரைத்துவிடும். மாவால் கடுகை மூடிக் காட்டினேன். தின்று தின்று செத்துப்போன அணுக்கள்தான் சீழில் இருப்பவை என்றேன்.

“அப்ப சீழ் வந்தா நல்லதா?” என்றாள் அம்மா.

“நம்ம ஆளுங்க ஜெயிக்கிறாங்கன்னு அர்த்தம்மா.”

அப்பா அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகை அள்ளித் தட்டில் கொட்டினார். “டாக்டரம்மா, இத்தினி பேரு வந்தா உன் மாவு இன்னா பண்ணும்?”

“இன்னும் மாவு வரும்” என்றேன். மூவரும் சிரித்தோம்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள், நான் காக்கூ என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்து, உடனே டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டினார். அம்மா தன் அரைகுறை இந்தியில், என் பெண் படித்தவள், அவள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று பதில் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வியாழனும் வெள்ளியும் வேலை முடிந்து வந்ததும் விரலைத் தூக்கிப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அடுத்த பக்கத்துல இன்னா போட்டிருக்குது?”

“டீச்சர் இன்னும் நடத்தலம்மா.”

“நீயே படிச்சுச் சொல்லேன்.”

“நடத்துனா சொல்றேன்.”

அம்மாவுக்குப் பாடத்தில் ஆசை வந்துவிட்டது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காய்ச்சல் அடித்தது. மணிக்கட்டு வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில், சீழ் எலும்பு வரை போய்விட்டது என்று விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: “லீவு கிடைக்கல.”

அடுத்த வாரம் டீச்சர் மீதிப் பாடத்தை நடத்தினார். அணுக்களால் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கிருமிகள் பெருகினால் மருந்து வேண்டும், தாமதிக்கக் கூடாது. நாலே வரி. அந்த வருட மதிப்பெண் அட்டையில் கைநாட்டுக்கு அம்மா இடது கட்டைவிரலை உருட்டினாள். அறிவியலில் நான்தான் முதல்.

இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சாயமேற்றிய கண்ணாடித் துண்டுகளில், வயிற்றுக்குள் கிருமிகளோடு கிடக்கும் அந்த அணுக்களைத் தினமும் பார்க்கிறேன். பாடம் முழுக்கப் புரிந்துவிட்டது. அந்த இரண்டு மாலைகளில் எனக்குப் புரியாமல் போனது வேறு. அம்மாவுக்கு வலி பொறுக்கவில்லை. தானாக டாக்டரிடம் போனால் நான் சொன்னது பொய்யாகிவிடும். அதனால்தான், போகச் சொல்லி ஒரு வரி என் வாயிலிருந்தே வராதா என்று அடுத்த பக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.